மத்தாயோவுக்குத் தைத்த சட்டை

என் வீட்டுக்காரர் மேல் மண் சரிந்தது ஒரு திங்கட்கிழமை காலை. எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறைக்குக் களிமண் வெட்டிக் கொடுக்கும் வேலை அவருக்கு. மழையில் குழியின் கரை ஊறிக் கிடந்தது. தெரிந்தேதான் இறங்கினார்கள். இறங்காவிட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது.

நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அவரை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். முகமெல்லாம் மண். தொடை கிழிந்து எலும்பு தெரிந்தது. "உயிரு இருக்குதா?" என்று கேட்டேன். என் வயிற்றில் நாலு மாதப் பிள்ளை. எனக்கு அழுகைகூட வரவில்லை. விறைத்துப் போய் நின்றேன்.

பட்டறை லாரியிலேயே புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்துவிட்டு, "ரத்தம் நிறையப் போயிருக்குதும்மா. இவருக்குச் சேர்ற ரத்தம் சுலபத்துல கிடைக்காது. உங்க ஆளுங்கள டெஸ்டுக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

எங்கள் ஆட்கள் லாரி நிறைய வந்திருந்தார்கள். ரத்தம் என்றதும் பாதிப் பேர் டீ குடிக்கப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அவர் கூடப் பிறந்த தம்பியே, "ரத்தம் குடுத்தா அப்புறம் மண்வெட்டி புடிக்க முடியாதாம் அண்ணி" என்று தலையைக் குனிந்துகொண்டார். துணிந்து கை நீட்டிய இரண்டு பேருக்கும் சேரவில்லை. என்னுடையதை எடுக்கச் சொன்னேன். டாக்டர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்றார்.

வராந்தாவில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினேன். அதை ஜெபம் என்பதா, சண்டை என்பதா, எனக்கே தெரியாது. "ஆண்டவரே, கல்யாணம் ஆன நாளிலிருந்து உலை வைக்கும்போதெல்லாம் உமக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தேனே. கடல் தாண்டி இருந்த மத்தாயோவுக்காக ஞாயிறு தவறாமல் முழங்கால் போட்டேனே. எனக்காக முழங்கால் போட ஒருத்தர்கூட இல்லையா?" என்று கேட்டேன்.

மத்தாயோ யார் என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். நம் சபையும் இன்னும் சில சபைகளும் சேர்ந்து, திருநெல்வேலிப் பக்கத்து நர்ஸம்மா ஒருவரை ஆப்பிரிக்காவில் தான்சானியாவுக்கு மிஷனெரியாக அனுப்பித் தாங்கி வந்தோம். வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஏலம் விட்டு, அந்தப் பணத்தை அனுப்புவது வழக்கம். அரிசிக்கு ரேஷன் வந்த காலத்தில், "நமக்கே பத்தல, இதுல ஆப்பிரிக்காவுக்கு வேறயா?" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரிப்பார். எனக்கும் உள்ளே கடுகடுப்புதான். ஆனாலும் என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து கொண்டுவந்த மூளி ஜாடியில் அந்த ஒரு பிடி விழாமல் இருந்ததில்லை.

நர்ஸம்மா வளர்த்த அநாதைப் பிள்ளைதான் மத்தாயோ. ஏழு வயதில் எடுத்த போட்டோ கோயில் சுவரில் தொங்கும். நாங்கள் பார்த்ததெல்லாம் அதுதான். அவன் சிதம்பரத்தில் படிக்க வந்திருக்கிறான், அடுத்த ஞாயிறு நம்மைப் பார்க்க வருகிறான் என்று போதகர் அறிவித்ததும், மாதர் சங்கத்தில் ஆளுக்கொரு வேலையாக எடுத்துக்கொண்டு அவனுக்குப் புதுத்துணி தைத்தோம். அரைக்கால் சட்டையும் மேல்சட்டையும். போட்டோவைப் பார்த்து அளவு வைத்தது நான்தான். காலேஜில் படிப்பவன் அரைக்கால் சட்டை போடுவானா என்று எங்களில் ஒருத்திக்காவது தோன்ற வேண்டுமே!

ஞாயிறு காலை கோயில் வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான் ஓர் ஆம்பளை. எங்களுக்கெல்லாம் மூச்சே நின்றுவிட்டது. அவனோ அந்தக் குட்டிச் சட்டையை நெஞ்சோடு வைத்துப் பார்த்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். பிறகு அதை என் கையிலேயே கொடுத்து, "உங்க பிள்ளைக்கு வச்சிக்கிடுங்க அக்கா" என்றான். நர்ஸம்மாவிடம் கற்ற தெக்கத்தித் தமிழ்! அது அடுத்த அதிர்ச்சி. அன்று போதகர் வீட்டில் தங்கிவிட்டான்.

மறுநாள்தான் மண் சரிந்தது.

நான் வராந்தாவில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது போதகர் அடுத்த பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். பின்னால் மத்தாயோ. விஷயத்தைக் கேட்டதும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே டாக்டரிடம் போனான். போதகருக்குச் சேரவில்லை. அவனுக்குச் சேர்ந்தது.

நர்ஸ் வந்து, "ஒங்க வூட்டுக்காரருக்கு ரத்தம் கிடைச்சிடுச்சும்மா" என்றபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. இவ்வளவு பக்கத்தில் நின்றா கேட்டுக்கொண்டிருந்தார் ஆண்டவர்?

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவனின் காலில் விழப் போனேன். பதறிப்போய்த் தடுத்தான். "என்னக்கா நீங்க? இந்த ஒடம்பே ஒங்க ஊரு அரிசிலதான வளந்துச்சு. அழாதிய" என்றான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அடக்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் பிழைத்தார். ஒரு கால் கொஞ்சம் குட்டை. குழியில் இறங்க முடியாதென்று பட்டறையில் ஜாடிகளுக்கு மெருகு பூசும் வேலை கொடுத்தார்கள். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்ட தம்பி, இப்போது யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிறார். பிடியரிசி எடுத்து வைப்பது இப்போது என் வேலையல்ல. அதை யாரையும் தொட விடமாட்டார் என் வீட்டுக்காரர்.

சகோதரிகளே, எடுத்து வைக்கிற ஒரு பிடி எங்கே போகிறது என்று கணக்குப் பார்க்காதீர்கள். போட்டுவிட்டு அவரை நம்புங்கள். அவர் கேட்கிறார். நான் பார்த்திருக்கிறேன்.

போன ஞாயிறு முன் வரிசையில், பழைய தையலில் ஒரு மேல்சட்டை போட்டுக்கொண்டு என் மகன் உட்கார்ந்திருந்தானே, பார்த்தீர்களா? அவனுக்கு இப்போது ஏழு வயது. அளவு அப்படியே இருக்கிறது.