வெட்டவிருந்த காலில் நடந்து வந்தேன்

பிரியமான சகோதர சகோதரிகளே, ஒரு காலோடு நொண்டி வந்திருக்க வேண்டியவன் நான். இரண்டு காலில் நின்று பேசுகிறேன்.

1952, பொங்கல் முடிந்த வாரம். துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது ஒரு இரும்புத் தகடு சரிந்து என் வலது காலைக் கிழித்தது. எலும்பு தப்பியது. ஆனால் இரண்டு மாதம் ஆகியும் புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் போடாத மருந்து இல்லை. ஒரு சனிக்கிழமை பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்: "இந்தக் காலை எடுத்தாகணும். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்."

மூட்டை தூக்கிப் பிழைக்கிறவனுக்குக் கால் போனால் என்ன மிச்சம்? சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். செபம்கூட வரவில்லை. என் மனைவி ஆரோக்கியம்தான் கட்டிலருகே முழங்காலிட்டாள்.

"சர்வேசுரா, இன்னா கொறன்னு எங்களுக்குத் தெர்ல. தெரிஞ்சவங்கள அனுப்பு சாமி."

நானும் ஆமென் என்றேன். அவ்வளவுதான் என் செபம்.

திங்கட்கிழமை காலை, ரத்தப் பரிசோதனைச் சாலையிலிருந்து புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். வீங்கியிருந்த என் நல்ல காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்தது. விழுந்த பள்ளம் மேலே வரவில்லை. உடனே ரத்தம் எடுத்துப்போனார். மத்தியானம் காகிதத்தோடு ஓடிவந்தார்.

"வீட்டுல இவருக்கு என்னம்மா சாப்பாடு?"

"கஞ்சிதாங்க. ஆஸ்பத்திரில குடுக்குற முட்டை, பாலுகூட நான் குடுக்கறதில்லீங்க. கவுச்சி துன்னா புண்ணு சீழ் புடிக்கும்னாங்கோ."

"இவர் ரத்தத்துல புரதச் சத்து ரொம்பக் கம்மிம்மா. சதை எதை வெச்சு வளரும்? இவர் பட்டினி கிடக்கிறார்!"

ஆரோக்கியம் தலையில் அடித்துக்கொண்டாள். "பத்தியம்னு நானே பட்டினி போட்டுக்கீறேனே!"

டாக்டரம்மா பெரிய டாக்டரிடம் ஒரு மாதத் தவணை கேட்டு வாங்கினார். அன்றிலிருந்து முட்டை, பால், பருப்பு. பக்கத்து வீட்டு மீன்காரி பொன்னி தினமும் தூக்குச்சட்டியில் சுறாப்புட்டு கொண்டுவந்தாள். "துன்னுண்ணே, கடல்ல சுறா கீற வரிக்கும் உனுக்குத்தான்" என்பாள்.

மூன்றாம் வாரம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். புரதம் ஏறியிருந்தது. வீக்கம் வடிந்தது. புண்ணின் ஓரத்தில் சிவப்பாகப் புதுச்சதை தெரிந்தது. பெரிய டாக்டர் நெடுநேரம் பார்த்தார். "அந்தோணி, கத்திக்கு வேலையில்ல" என்றார். வார்டே கைதட்டியது. உயிர்த்த ஞாயிறு கழிந்த மூன்றாம் வாரம், யார் தோளையும் பிடிக்காமல் நடந்துபோய்ப் பூசை கண்டேன். ஆரோக்கியம் வழியெல்லாம் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இப்போது ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பார்க்க ஆளில்லாத நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுகிறோம். அதுவும் எங்களுக்குச் செபம்தான்.

உங்களில் யாராவது இன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தால், எழுந்து உட்காருங்கள். வாய் வரவில்லையென்றால், பக்கத்தில் செபிப்பவருக்கு ஆமென் மட்டும் சொல்லுங்கள். அதையும் ஆண்டவர் கேட்கிறார். என் ஆமெனைக் கேட்டார்.