ஏழு மணிக்குச் சரியாகிவிடும்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் ரூட் கெனால் செய்துகொண்டவள் நான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அதுவரை எங்கள் வீட்டில் பல்லுக்கு இரண்டே கதிதான். வலிக்காவிட்டால் வாயில் இருக்கும், வலித்தால் பிடுங்கப்படும். ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை சமயத்தில் என் கடைவாய்ப் பல் வலித்தபோது, அதையும் பிடுங்கிப் போட்டுவிடலாம் என்றுதான் அப்பா என்னைக் காரைக்காலுக்கு அழைத்துப் போனார். "இது பால் பல் இல்ல சார், எடுத்துட்டா திரும்ப மொளைக்காது. வேரைச் சுத்தம் பண்ணி அடைச்சுடலாம்" என்று அங்கிருந்த டாக்டரம்மா சொன்னார். நான் அந்த நாற்காலியில் பல தடவை ஏறி இறங்கினேன். கடைசியாக இறங்கியபோது ஒரு நிபுணராக இறங்கினேன்.

காரைக்கால் பக்கத்துத் தருமபுரத்தில் எங்கள் தெருவில் யாருக்குப் பல் வலித்தாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை. கேட்காவிட்டாலும் நானே போய்ச் சொல்லிவிட்டு வருவேன் என்பது உண்மை. முதலில் எக்ஸ்ரே, ஒரு சின்னத் தகட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தால் போதும். அப்புறம் ஊசி. எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்பார்கள், நம்ப வேண்டாம், அது கட்டெறும்பு. கொஞ்ச நேரத்தில் பாதி உதடும் பாதி நாக்கும் நம்முடையவை இல்லை என்று ஆகிவிடும். பிறகு அவர்கள் எவ்வளவு குடைந்தாலும் சத்தம்தான் கேட்குமே தவிர வலிக்காது. மயிர் போன்ற கம்பிகளை விட்டு, வேருக்குள் கெட்டுப்போன நரம்பை எடுப்பார்கள். வாயெல்லாம் கிராம்பு வாசனை அடிக்கும். தற்காலிகமாக அடைத்து அனுப்புவார்கள், அந்தப் பக்கம் மெல்லக் கூடாது. கடைசியில் பல்லுக்குமேல் கேப் என்று ஒரு மூடி மாட்டுவார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், மரப்பு விடும்வரை எதையும் சாப்பிடக் கூடாது. நான் முதல் நாளே முறுக்கைத் தின்று உதட்டையும் சேர்த்துக் கடித்துவைத்து, மறுநாள் பணியாரம் போல வீங்கிய உதட்டோடு நின்றேன். அனுபவம் இல்லாமல் ஆலோசனை சொல்கிறவள் இல்லை நான்.

அந்தக் கோடை விடுமுறையில் அத்தைக்குப் பல் வலி வந்தது. அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. தாத்தா காலமானபின் அப்பாதான் அவளைப் படிக்கவைத்தார். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அப்பாவுக்கு அரசாங்க ஆபீஸில் வேலை, கொஞ்சம் நெல் வயலும் உண்டு. தங்கைக்கு நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிட்டால் தன் கடமை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார். நல்ல இடமும் வந்திருந்தது. கும்பகோணம் பக்கத்துக் குடும்பம், மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. லீவில் வந்திருந்தார். பெண் பிடித்துவிட்டால் அந்த மாதமே கல்யாணம், கையோடு பயணம்.

அத்தைக்கு வேறு ஒரு திட்டம் இருந்தது. புதுச்சேரி போலீஸ் வேலைக்கு அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். உடல் தகுதித் தேர்வு அடுத்த சில வாரங்களில் வரும் என்ற நிலை. இது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது, இன்று தெரிந்ததால் சொல்கிறேன். விடிகாலையில் என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போய் ஓடுவாள். கல்யாணத்துக்கு உடம்பு இளைக்கத்தான் ஓடுகிறாள் என்று அம்மா பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவின் பழைய வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் பார்ப்பது என் வேலை.

பல் வலி என்றதும் அப்பா வழக்கம்போலப் பிடுங்கிவிடலாம் என்றார். அத்தை ரூட் கெனால்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். போலீஸ் மருத்துவப் பரிசோதனையில் பல்லையும் பார்ப்பார்கள் என்று அவள் எங்கோ கேள்விப்பட்டிருக்கிறாள். அப்பாவோ, மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரத்தில் சிரித்தால் ஓட்டை தெரியக் கூடாது என்று நினைக்கிறாள் போலும், பொறுப்பு வந்துவிட்டது என்று மகிழ்ந்துபோனார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெண் பார்க்க வருவதாகவும், சனிக்கிழமை காலையில் பல் டாக்டரிடம் போவதாகவும் ஏற்பாடு.

அந்த வாரம் மொட்டைமாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்தபோது அத்தை என்னிடம் பாடம் கேட்டாள். தானாக வந்து கேட்ட முதல் ஆள் அவள்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மரத்துப்போனா பேச வருமாடி?"

"வரும். ஆனா கொழகொழன்னு வரும்."

"தண்ணி குடிச்சா?"

"வழியும். வழியுறது நமக்கே தெரியாது."

"எவ்வளவு நேரத்துக்கு அப்படி இருக்கும்?"

"ரெண்டு மணிக்கு ஊசி போட்டா ஏழு மணிக்குச் சரியாயிடும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. பயப்படாத அத்தே, நான் கூட வர்றேன்."

அத்தை ஒரு வடாமைத் திருப்பிப்போட்டுவிட்டு, "ஏழு மணி" என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பாவம், இவ்வளவு பெரியவளாகியும் இப்படிப் பயப்படுகிறாளே என்று எனக்கு இரக்கமாக இருந்தது.

வியாழக்கிழமை அவள் கொல்லைப்பக்கம் போய் ஆஸ்பத்திரிக்கு போன் செய்தாள். "வலி தாங்கல மேடம், நாளைக்கே வந்துடறேன்" என்றாள். உள்ளே வந்து, சனிக்கிழமை டாக்டரம்மா ஊரில் இல்லையாம், நாளைக்கு இரண்டு மணிக்கு வரச் சொல்கிறார்கள் என்றாள். அம்மா பதறினாள்.

"அஞ்சு மணிக்கு அவங்க வர்றாங்களே?"

"நாலு மணிக்கெல்லாம் வந்துடுவேன் அண்ணி. புடவை கட்ட எவ்வளவு நேரம் ஆவும்?"

நேரம் இருக்கும், ஆனால் வாய் மரத்திருக்குமே என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அத்தை அதில் ஒரு கடலை மிட்டாயைப் போட்டு மூடினாள். ரூட் கெனால் செய்த பல்லுக்கு அது ஆகாது என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் அன்பாகக் கொடுத்ததை நான் துப்பவில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லாம் நான் சொன்னபடியே நடந்தது. ஒரே ஒரு ஆச்சரியம், "நல்லா மரக்கிற மாதிரி போடுங்க மேடம்" என்று அத்தை டாக்டரிடம் கேட்டுக்கொண்டது. காலில் கண்ணாடி குத்தியபோது தானே பிடுங்கி எறிந்துவிட்டு ஓட்டத்தை முடித்தவள் அவள். வேலை முடிந்ததும் சுவரில் இருந்த கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தாள். சிரிப்பு ஒரு பக்கம் மட்டும் போனது, மறுபக்கம் வர மறுத்தது. அவளுக்கு அதில் அப்படி ஒரு திருப்தி. என் வாக்கு பலித்ததில் வந்த திருப்தி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் பெரியப்பாவும் வந்தார்கள். கேசரி, பஜ்ஜி ஆனதும் அத்தை காபித் தட்டோடு வந்தாள். மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையில் அவ்வளவு அழகாக இருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் உட்காரவைத்து, என்ன படித்திருக்கிறாய் என்று பிரியமாகக் கேட்டார். "பீ எத்தி. கெமித்தி" என்றாள் அத்தை. அந்த அம்மாள் சமாளித்துக்கொண்டு, நீயும் ஒரு வாய் குடிம்மா என்று காபியை நீட்டினார். குடித்த காபி வாயோரமாக இறங்கி மயில்கழுத்தில் சொட்டியது.

அப்பா எழுந்தே விட்டார். பல் டாக்டரிடம் போய்விட்டு வந்ததால் இப்படி என்று அம்மாவும் அவரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். பெரியப்பா விடவில்லை. "பல்லுக்குப் பாத்தா கன்னம் வீங்கும், சரி. பேச்சு ஏங்க கொழறுது?" என்றார். பிறந்ததிலிருந்து உள்ள குறையை மறைக்கப் பார்க்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. எங்கள் குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆள் அந்தக் கூடத்தில் நான்தான்.

நடுக்கூடத்துக்கு வந்து எல்லாவற்றையும் விளக்கினேன். ஊசி, நரம்பு, பாதி நாக்கு, முறுக்கு, ஒன்றையும் விடவில்லை. "ஏழு மணிக்குச் சரியாயிடும்" என்று முடித்தேன். மாப்பிள்ளையின் அம்மா வாய்விட்டுச் சிரித்து என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"அவ்வளவுதானே! ஏழு மணிவரைக்கும் இருந்து, புள்ள நல்லாப் பேசுறதக் கேட்டுட்டே போவோம். எனக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு."

அப்பாவுக்குப் போன உயிர் வந்தது. அம்மா ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசி களைய ஓடினாள். அத்தை மட்டும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் நன்றி என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை கை கழுவ எழுந்தார். கொல்லைக் குழாயடிக்கு நான்தான் வழிகாட்டிப் போனேன். துவைக்கிற கல்மேல் அத்தையின் ஷூ காய்ந்துகொண்டிருந்தது.

"இது யாரு ஷூ பாப்பா?"

"அத்தையோடது. தெனம் காலையில பீச் ரோட்டுல ஓடுவாங்க, இளைக்கிறதுக்கு. நான்தான் வாட்ச் பாப்பேன்."

"இளைக்கிறதுக்கு வாட்ச் எதுக்கு?"

"நேத்தவிட சீக்கிரமா ஓடுனாங்களான்னு பாக்கணும்ல? அப்பறம் மணல்ல நீளம் தாண்டுவாங்க. கயிறு வச்சு அளப்போம்."

கழுவின கையோடு அவர் அப்படியே நின்றார். இளைப்பதற்காக யாரும் நீளம் தாண்டுவதில்லை என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றாதது. குழாயை மூடிவிட்டுக் கேட்டார்.

"பல் டாக்டர்கிட்ட இன்னிக்குத்தான் போவணும்னு யாரு சொன்னா?"

"நாளைக்குத்தான் போவ வேண்டியது. அத்தையே போன் பண்ணி மாத்திட்டாங்க. எவ்வளவு நேரம் மரக்கும், பேச வருமான்னு எல்லாத்தையும் என்கிட்டதான் கேட்டுக்கிட்டாங்க. ரொம்பப் பயந்துட்டாங்க, பாவம்."

"பயந்துட்டாங்களா?" என்று அவர் சிரித்தார்.

கூடத்துக்குத் திரும்பியவர் உட்காரவில்லை. "அம்மா, கெளம்பலாம்" என்றார். ஏழு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரந்தானே என்று அவருடைய அம்மா இழுத்தார். "வேணாம்மா. எனக்கு இது சரியா வரும்னு தோணல." அவ்வளவுதான். அந்த அம்மாள் அத்தையின் தலையைத் தடவிவிட்டு எழுந்துகொண்டார். வாசலில் செருப்பைப் போடக் குனிந்தபோது மாப்பிள்ளை என் காதோரம் சொன்னார். "அத்தைக்கு நான் ஆல் த பெஸ்ட் சொன்னேன்னு சொல்லு. தனியா இருக்கும்போது சொல்லணும், சரியா?"

எனக்கு அவர்மேல் வந்த கோபம் பல வருஷம் தீரவில்லை. பல் வலிக்காரியைப் பார்த்து வேண்டாம் என்று சொன்னவன், அதுவும் நான் அவ்வளவு விளக்கியபிறகு! அப்பா கொதித்துப்போனார். "பல்லுக்கு கேப் போட்டு முடியுற வரைக்கும் ஒரு பய இந்த வீட்டுக்குப் பொண்ணு பாக்க வரக் கூடாது" என்று அறிவித்தார். அத்தை அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஒரு தடவை டாக்டரம்மா ஊரில் இல்லை என்பாள், ஒரு தடவை கேப் அளவு சரியில்லை என்பாள். காரைக்காலிலேயே இவ்வளவு நீண்ட ரூட் கெனால் இன்னொன்று நடந்திருக்காது. உடல் தகுதித் தேர்வு, எழுத்துத் தேர்வு எல்லாம் முடிந்து வேலை கிடைத்தபிறகுதான் அவள் கேப் போட்டுக்கொண்டாள். அப்பா இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் காக்கிச்சட்டைக்குத் துணி எங்கே நன்றாக இருக்கும் என்று விசாரிக்கக் கிளம்பிவிட்டார். ஏனாமில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, இப்போது அத்தை மாஹேயில் சப்-இன்ஸ்பெக்டர். அந்த மாப்பிள்ளையின் பெயர்கூட இன்று எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று அத்தை மட்டும் சொல்லிக்கொள்வாள். நான் கல்லூரியில் சேர்ந்தபிறகு அவளே எல்லாவற்றையும் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. விளங்கிய அன்று எனக்கு வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது.

ஆனால் அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் பல்லைப் பற்றித்தான். அவர்கள் போனபின் அத்தை மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். நானும் ஏறிப்போய், தனியாகத்தான் இருக்கிறாள் என்று உறுதி செய்துகொண்டு சேதியைச் சொன்னேன்.

"யாரு, அவரா சொன்னாரு?" அவளுடைய பேச்சு தெளிந்திருந்தது.

"ஆமா. தனியா இருக்கும்போது சொல்லச் சொன்னாரு."

"வேற என்னடி கேட்டாரு?"

"ஷூ யாரோடதுன்னு கேட்டாரு. நீளம் தாண்டுறதச் சொன்னேன். நீ போன் பண்ணி மாத்துனதையும் சொன்னேன்."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரித்தாள். சிரிப்பு இப்போது இரண்டு பக்கமும் சரியாகப் போனது. பிறகு முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். எனக்குப் பதற்றமே இல்லை. மரப்பு விட்டதும் வலி தெரியும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கீழே ஓடி, மாத்திரையும் ஒரு தம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தேன்.

"அழாத அத்தே. எல்லாருக்கும் இப்படித்தான் வலிக்கும். நாளைக்குப் போயிடும்."

அத்தை மாத்திரையை வாங்கி, என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வழியவில்லை. கையிலிருந்த வாட்சைப் பார்த்தேன். மணி ஏழு. நான் சொன்னது சொன்னபடி நடந்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.