எல்லோரும் விழுந்தபோது ஓடியவன்

மூன்று வருடங்களுக்கு முன், தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று மணலை வாரி முகத்தில் இறைத்துக்கொண்டிருந்த ஆவணி மாதத்தில், மன்னார்த் தீவில் தாராபுரத்தைத் தாண்டிய ஒரு வெட்டவெளியில் இது நடந்தது.

நான் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பேக்கரியில் மா பிசைந்தேன், லொறியில் மூட்டை ஏற்றினேன், ஊர் ஊராகக் கட்டட வேலைக்குப் போனேன். ஓரிடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். மன்னாருக்கு வந்ததும் அப்படித்தான். உப்புக்குளத்தில் ஒரு வீட்டுக்குக் கூரை போடும் வேலை. அது முடிந்து, அடுத்து எங்கே போவதென்று தெரியாமல் பஸ் நிலையத்தில் சுற்றித் திரியும் கழுதைகளுக்குப் பக்கத்தில் நின்றபோது ஒருவர் வந்து, "தம்பி, படத்தில நிக்க ஆள் வேணும். வாறீரோ?" என்று கேட்டார்.

என்ன படம் என்றேன். உலகம் அழிந்துபோன பிறகு மிஞ்சியவர்கள் தண்ணீருக்காக அடிபடும் சண்டைப் படம் என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தோட்டத்தில் ஒரு கடையில் பழைய தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அங்கே நான் தரையில் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் இந்த மாதிரிப் படங்கள்தான். நகரங்கள் இடிந்து கிடக்கும். துருப்பிடித்த லொறிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும். வெடி வெடிக்கும். ஒருவன் மட்டும் நெருப்புக்கு நடுவே ஓடுவான். அவன் ஓட்டம்தான் படம். வேகம், புழுதி, சத்தம், பயமில்லாத ஒருவன், இந்த நான்கும் இருந்தால் அந்தப் படத்தைப் பத்து வருடம் போனாலும் மறக்க முடியாது என்று யாரிடமும் வாதாடுவேன்.

அந்த வெட்டவெளியில் தகரக் குடில்கள் போட்டு, அவற்றை நெருப்பில் கருக்கி, இடிந்த ஊர் ஒன்றை உண்டாக்கியிருந்தார்கள். ஒரு பழைய லொறிக்கு முன்னால் இரும்புக் கம்பிகளும் மாட்டு மண்டையோடும் பொருத்தியிருந்தார்கள். கூட்டமாக நிற்க வந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர். சோளகத்தில் தென்கடல் குழம்பிக் கிடந்ததால் தொழிலுக்குப் போகாத மீனவர்கள், அவர்களுடைய வீட்டுப் பெண்கள். எல்லோருக்கும் கந்தல் உடுத்தி, முகத்தில் கரி பூசி, சீனிப்பாகில் சிவப்புச் சாயம் கலந்து காயம் வைத்தார்கள். காயத்தில் ஈ மொய்த்தது.

எனக்குப் பக்கத்தில் நின்றவர் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மீனவர். எல்லோரும் அவரை அண்ணை என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். தன் கையில் வைத்த காயத்தை நக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல இனிப்பு. இன்னும் ரெண்டு காயம் வையுங்கோ, தேத்தண்ணிக்குக் கடிச்சுக் குடிக்கலாம்" என்றார். அவருக்கு அந்தப் பக்கம் அவருடைய மனைவியின் தங்கை, நாற்பது வயது இருக்கும். அந்த அக்கா சிரிக்கவில்லை. "அத்தான், சும்மா நில்லுங்கோ. சாயம் வயித்துக்குள்ள போகும்" என்றார்.

டைரக்டர் கொழும்பிலிருந்து வந்த இளைஞர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். தகரக் குடில் ஒன்று வெடிக்கும், எல்லோரும் கத்திக்கொண்டு கமராவை நோக்கி ஓடிவர வேண்டும், அவ்வளவுதான் என்றார். கமராவுக்குப் பக்கத்தில் பாதுகாப்புக்கென்று வந்த ஆமிக்காரர் ஒருவர் தொப்பியைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

வெடி வெடித்தது. நான் ஓடினேன். இத்தனை வருடம் பார்த்த ஓட்டமெல்லாம் என் காலில் இருந்தது. கையை வீசி, தலையை நிமிர்த்தி, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினேன். இருபது அடி போன பிறகுதான் ஏதோ குறைவது போலிருந்தது. என் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. கூட ஓடிவரும் காலடி இல்லை.

நின்று திரும்பிப் பார்த்தேன்.

நூறு பேரும் நிலத்தில் கிடந்தார்கள். ஆண், பெண், நரைத்தவர், பருத்தவர், எல்லோரும் குப்புற. ஒருவரும் அசையவில்லை. உடம்பெல்லாம் சிவப்பு. அந்த ஒரு கணம், வெடியில் எல்லோரும் செத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.  

பிறகுதான் கவனித்தேன். அவர்கள் எப்படியாவது விழுந்து கிடக்கவில்லை. எல்லோரும் ஒரே மாதிரிப் படுத்திருந்தார்கள். முழங்கையை ஊன்றி, நெஞ்சை நிலத்தில் படாமல் தூக்கி, இரண்டு கைகளாலும் காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி. யாரோ எண்ணிச் சொன்னது போல ஒரே நேரத்தில் விழுந்திருந்தார்கள். கமராப் பக்கம் பார்த்தேன். ஆமிக்காரரும் அதே மாதிரிப் படுத்திருந்தார். தொப்பி காற்றில் போய்விட்டிருந்தது. நிமிர்ந்து நின்றவர்கள் கொழும்பிலிருந்து வந்தவர்களும் நானும் மட்டும்தான்.

ஒவ்வொருவராக எழுந்து மணலைத் தட்டினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கப்பட்டது போலிருந்தது. அண்ணைதான் முதலில் வாய் திறந்தார். "பாத்தியளே, உடம்பு இன்னும் பழசை மறக்கேல்ல." சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "விழுந்தா சீன் இல்லை. பயந்து ஓடணும். அந்தத் தம்பி ஓடினதைப் பாத்தீங்களா? அதுதான் வேணும்" என்று என்னைக் காட்டினார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "இவங்களுக்கு ஓடச் சொல்லிக் குடு. சரியா வந்தா அடுத்த தடவை கமரா உன் முகத்துக்கு வரும்" என்றார்.

என் முகம் படத்தில் வரும். அதற்குப் பிறகு எனக்கு வேறொன்றும் காதில் விழவில்லை. தோட்டத்துக் கடையில் என் முகத்தைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளப்பதுதான் மனதில் ஓடியது.

ஒரு மணி நேரம் அந்த வெயிலில் அவர்களுக்கு ஓட்டம் சொல்லிக் கொடுத்தேன். குண்டுச் சத்தமே கேளாத ஊரில் பிறந்தவன், யுத்தத்தில் வெடிக்குள்ளேயே வாழ்ந்த ஊருக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

"கீழ பாக்காதீங்க. கைய நல்லா வீசுங்க. தலைய நிமித்துங்க" என்று கத்தினேன்.

"தம்பி, நாங்கள் ஓடாத ஓட்டமே?" என்றார் அண்ணை. "சனம் முழுக்க ஓடித்தான் வந்தது. ஆனா ஓட்டம் சத்தத்துக்கு முன்னுக்கு, இல்லாட்டி பின்னுக்கு. சத்தத்துக்கு ஓடுறேல்ல, விழுந்து கிடக்கிறது."

"அண்ணே, இது பொய் வெடிதானே?"

"ஓம் தம்பி, எனக்குத் தெரியும். உடம்புக்கு ஆர் சொல்லுறது?"

என்றாலும் அவர் ஒரு நல்ல மாணவர். என் மனம் நோகக் கூடாது என்றோ என்னவோ, திரும்பத் திரும்ப ஓடிப் பழகினார். கையை வீசுவதில் என்னையே மிஞ்சினார். "தேத்தண்ணி நாட்டு வாத்தியார் சொல்லித் தந்த ஓட்டம்" என்று மற்றவர்களுக்கு ஓடிக் காட்டினார். அக்கா மட்டும் இரண்டு அடி ஓடுவார், நிற்பார். எனக்கு எரிச்சல் வந்தது. ஒருவர் விழுந்தால் காட்சி கெட்டுவிடும், காட்சி கெட்டால் என் முகம் போய்விடும். "அக்கா, உங்களாலதான் எல்லாம் கெடப்போவுது" என்று சொல்லிவிட்டேன். அவர் திரும்பவும் வந்து பழைய இடத்தில் நின்றார்.

முதல் வெடி போதவில்லை என்று இரண்டாவது தடவைக்கு மருந்தைக் கூட்டியிருந்தார்கள். அது எங்களுக்குத் தெரியாது.

வெடித்தது. இந்தத் தடவை அது காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது. எல்லோரும் ஓடினோம். அண்ணை எனக்கு வலப்பக்கம், தலை நிமிர்ந்து, கை வீசி. எதிரே கமரா. நான் முகத்தைச் சரிசெய்துகொண்டேன். உண்மையாகவே சரிசெய்துகொண்டேன், அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் கணுக்காலைப் பிடித்து இழுத்தது. குப்புற விழுந்தேன். வாய் நிறைய மணல். அக்காதான். அவர் விழுந்துவிட்டார், விழும்போது என்னையும் சேர்த்து விழுத்திவிட்டார்.

"கெடுத்துட்டீங்களேக்கா!" என்று திரும்பிக் கத்தினேன். கத்தி வாய் மூடவில்லை, எங்கள் தலைக்கு மேலே விர்ரென்று ஒன்று போனது. கூரைத் தகரம். நான் நின்றிருந்தால் என் கழுத்து இருந்திருக்கும் உயரத்தில் போனது.

அண்ணை இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஓடும்போது வீசிய கை அப்படியே பாதியில் நின்றது. தன் வலது தோளைக் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாக, கதிரையில் உட்காருபவர் போல, மணலில் உட்கார்ந்தார். தோளிலிருந்து முதுகு வரை பிளந்திருந்தது.

எங்களுக்குக் கிட்ட நின்ற ஒரே வாகனம் மண்டையோடு கட்டிய லொறிதான். அதில் அவரைத் தூக்கிப் போட்டோம். ஆமிக்காரர் தன் சட்டையைக் கழற்றிச் சுருட்டித் தோளில் வைத்து அழுத்தினார். அக்கா அவருடைய கைக்கு மேலே தன் கையை வைத்து அழுத்தினார். ஆமிக்காரரின் முகத்தை அக்கா நிமிர்ந்து பார்க்கவேயில்லை. நானும் இன்னும் ஏழெட்டுப் பேரும் பின்னால் ஏறிக்கொண்டோம். இரும்பு முள்ளும் மாட்டு மண்டையுமாக அந்த லொறி மன்னார் வீதியில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போக, கழுதைகள் விலக மறுத்தன. கடைகளிலிருந்து சனம் வெளியே வந்து வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் இறங்கியபோது அங்கே மருந்துக்கு வரிசையில் நின்ற ஒரு பெண் வீறிட்டுக் கத்தினார். கந்தல், கரி, உடம்பு முழுக்க ரத்தம், பத்துப் பேர் ஒன்றாக. வரிசை கலைந்தது. ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் குந்திவிட்டார். எங்கேயோ பெரிதாக ஒன்று நடந்துவிட்டது, எல்லாம் திரும்பத் தொடங்கிவிட்டது என்றே அவர்கள் நினைத்திருக்கிறார்கள். தாதி ஒருவர் ஓடிவந்து என் நெற்றியைத் துடைத்தார். பஞ்சு இனிப்பாகப் பிசுபிசுத்தது. அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்ன விளையாட்டு இது? எது சாயம், எது ரத்தம்? உண்மையாக் காயப்பட்ட ஆக்கள் கையை உயர்த்துங்கோ!"

அண்ணைதான் இடது கையை உயர்த்தினார்.

அவர் உள்ளே இருந்த நேரம் முழுவதும் அக்காவும் நானும் வெளியே கிடந்த நீளமான மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். "என்னை ஏன் இழுத்தீங்க?" என்று கேட்டேன். அவர் கையிலிருந்த ரத்தம் காய்ந்து வெடித்திருந்தது. நகத்தால் அதைச் சுரண்டினார்.

"அப்ப, சண்டை நேரம், நான் விழுந்தனான். என்ர தங்கச்சி எழும்பி ஓடினவள்" என்றார். "அவளின்ர காலைப் பிடிக்க எட்டேல்ல."

 ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து அவர் கையில் ஊற்றினேன்.

மறுநாள் அண்ணையைப் பார்க்கப் போனேன். திட்டுவார் என்று நினைத்து, அதற்குத் தயாராகத்தான் போனேன். அவர் தையல் போட்ட தோளோடு சரிந்து படுத்திருந்தார். என்னைக் கண்டதும், "தம்பி, நீர் சொன்ன மாதிரியே நிலத்தைப் பாக்காமல்தான் ஓடினனான். கவனிச்சீரே? வடிவா வந்ததோ?" என்று கேட்டார். நக்கல் இல்லை, உண்மையாகவே கேட்டார். வடிவா வந்தது அண்ணே என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவருடைய அந்தக் கை இன்றைக்கும் தோளுக்கு மேலே எழும்பாது. கடலுக்குப் போவதில்லை. கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் கொண்டுவரும் வலையிலிருந்து மீன் கழற்றுகிறார்.

போன வருடம் வவுனியாவில் ஒரு தேநீர்க் கடையில் இரண்டு இளைஞர்கள் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் மண்டையோட்டு லொறியைக் கண்டேன். பின்னால் நின்று பார்த்தேன். டைரக்டர் இரண்டாவது தடவை எடுத்ததைப் போடவில்லை. வேண்டாம் என்று தள்ளிய முதல் தடவையைத்தான் போட்டிருந்தார். வெடிக்குப் பிறகு பாட்டோ முழக்கமோ எதுவும் இல்லை, காற்றுச் சத்தம் மட்டும். நூறு பேர் ஒரே நொடியில் விழுகிறார்கள். நடுவே ஒரு முட்டாள் கையை வீசிக்கொண்டு ஓடுகிறான், நிற்கிறான், திரும்பிப் பார்க்கிறான். கமரா மெதுவாக அவன் முகத்துக்கு வருகிறது.

"இந்தச் சீன்தான்டா. உடம்பு சிலிர்க்குது. எப்படிச் சொல்லிக் குடுத்து விழுத்தியிருப்பாங்கள்?" என்றான் ஒருவன். "அவன்ர முழியைப் பார், செத்த வீட்டைக் கண்டவன் மாதிரி. நல்ல நடிகன்" என்றான் மற்றவன்.

அது நான்தான் என்று சொல்லவில்லை. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் இன்னும் ஊர் ஊராகத்தான் அலைகிறேன். ஆனால் போன இடத்தில் சனம் ஏதாவது எனக்குப் புரியாத மாதிரிச் செய்தால் அதைத் திருத்த வாய் வருவதற்கு முன்னால், கையை வீசி, நிலத்தைப் பார்க்காமல், நான் சொன்னதை நம்பி ஓடிவந்த அந்த மனிதர் கண்ணுக்குள் வந்து நிற்கிறார், வாய் தானாக மூடிக்கொள்கிறது.