யோசெப்பின் சொல்லாத வரி

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் ஒரு செத்தவீடு என்றால் பாதிரியாருக்கு முன்னே யோசெப்பினுக்குத்தான் ஆள் போகும். அவள் செபமாலையைத் தொடங்கினால் தெருமுனைவரை கேட்கும். ஒப்பாரி வைப்பவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு முழங்காலில் நிற்பார்கள். என்ன பக்தி என்று சனம் மெச்சிக்கொள்ளும். சனத்துக்கு என்ன தெரியும்?

செபமாலையில் பரலோக மந்திரத்தின் முற்பாதியை முன்னே நிற்பவர் சொல்ல, பிற்பாதியைக் கூட்டம் சொல்லும். நாங்கள் பிறரைப் பொறுப்பதுபோல எங்களையும் பொறுத்தருளும் என்கிற வரி கூட்டத்தின் பங்கில் வருகிறது. யோசெப்பின் கூட்டத்துக்கு முன்னே போய் நின்றதே அந்த வரிக்குப் பயந்துதான். கோயிலில் கூட்டத்தோடு நிற்க நேர்ந்தால் சரியாக அந்த இடத்தில் அவளுக்கு இருமல் வந்துவிடும்.

அவளுடைய மகள் ஞானம்மா நடை பழகிய வயதில் கிணற்றில் விழுந்து செத்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவென்று இருந்த தங்கை கொன்ஸ்ரன்ஸ் கண்ணயர்ந்துவிட்டாள். கிணற்றடியில் கத்திக் கத்தி கொன்ஸ்ரன்ஸின் தொண்டை அன்று உடைந்தது. கடைசிவரை அந்தக் கரகரப்புப் போகவேயில்லை. காலில் விழுந்தாள், ஆள் விட்டுக் கேட்டாள். யோசெப்பின் முகம் கொடுக்கவில்லை. அடுத்தடுத்த தெருவில் இருந்தும் இருபது வருடமாக ஒரு பேச்சு இல்லை. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கோபம், கோள், பொய் எல்லாம் சொல்வாள், இதைச் சொல்லமாட்டாள். இது தங்கையின் பாவம், தனக்கென்ன என்று இருந்துவிட்டாள். கல்நெஞ்சுதான். ஆனால் பிள்ளையைக் குழிக்குள் வைத்தவளிடம் அதை யார் போய்ச் சொல்வது?

உலக யுத்தத்தில் யப்பான்காரன் உயிர்த்த ஞாயிறன்று குண்டு போட்டதும் கொழும்பு வெறிச்சோடிப் போயிற்று. அந்த வாரமே கொன்ஸ்ரன்ஸ் காய்ச்சலில் செத்துப்போனாள். செத்த அன்று மத்தியானம் அவள் புருஷன் பேர்னாட் யோசெப்பின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மச்சாள், செபம் சொல்ல ஒருத்தரும் இல்லை. எல்லாரும் ஓடிட்டினம். நீங்களும் வராட்டி அவள் அநாதையாப் போயிடுவாள்."

யோசெப்பின் எந்தப் பிரேதத்துக்கும் மறுத்தவளல்ல. போனாள். பேர்னாட் சவப்பெட்டி தேடி வெளிக்கிட்டதும் வீட்டில் அவளும் தங்கையின் உடலும்தான். தங்கையின் முகத்தைப் பாராமல் கால்மாட்டில் முழங்காலிட்டு மந்திரத்தின் முற்பாதியைச் சொன்னாள். பழக்கதோஷத்தில் நிறுத்தினாள். மறுமொழி சொல்லக் கூட்டம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுமொழி வந்தது.

கரகரத்த குரல். மந்திரத்தின் பிற்பாதியைத் தொடங்கி அன்றாட உணவைக் கேட்டது. பொறுத்தல் கேட்கிற வரிக்கு வந்ததும் நின்றுவிட்டது. யோசெப்பின் நிமிர்ந்து பார்த்தாள். கொன்ஸ்ரன்ஸின் நாடியை வாய் திறவாதபடி வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. உதடு அசையவில்லை. பேர்னாட் திரும்பி வந்துவிட்டாரோ என்று குசினிவரை போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. வந்து மறுபடி தொடங்கினாள். அதே குரல், அதே இடத்தில் நின்றது. இம்முறை மூச்சு வாங்கும் சத்தமும் கேட்டது. யாரோ காத்திருக்கிற மூச்சு.

எழுந்து ஓடிவிடத்தான் நினைத்தாள். ஆனால் அவளுக்கு விளங்கிவிட்டது. அந்த வரியைச் செத்தவள் சொல்ல முடியாது. பொறுக்கவேண்டியவள் சொன்னால்தான் தங்கைக்கு வழி. தனக்கும் வேறு வழியில்லை. ஞானம்மாவின் ஈரத் தலைமயிர் நினைவுக்கு வந்தது. வயிறு பற்றி எரிந்தது. அந்த எரிச்சலோடேயே வாயைத் திறந்தாள்.

வரி முழுதாக வந்தது. 'நாங்கள்' என்ற இடத்தில் 'நான்' என்று சொல்லிவிட்டாள். பிழை என்று தெரிந்தும் திருத்தவில்லை.

பிறகு ஆமெனுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. மூச்சுச் சத்தமும் நின்றுபோயிருந்தது. தலைமாட்டுக்கு நகர்ந்து அந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். இத்தனை வருடமும் பேசாமல் விட்ட கதையெல்லாம் ஒரேயடியாகத் தொண்டைக்கு வந்தது.

"கொன்ஸ்ரன்ஸ், இப்ப கதையன்டி. அக்கா கேக்கிறன், கதையன்டி."

பேர்னாட் பெட்டியோடு வந்தபோதும் அவள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.