பாக்கியத்தின் பேர்

பேய் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், "ராத்திரி என்னத்த தின்னீங்க?" என்று கேட்கிற ஆள் நான். சாமி கும்பிடுவேன், அது வேறு. இந்த ஆவி கீவி எல்லாம் வேலையில்லாதவர்கள் பேச்சு என்றுதான் நாற்பது வயது வரைக்கும் நினைத்திருந்தேன். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். இது பட்டப்பகலில், இருபது பேர் கண் முன்னால் நடந்தது.

இலங்கையில் கஹவத்தைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். அம்மா பேர் பாக்கியம், கொழுந்து பறிக்கிறவள். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது மேட்டு மலையில் குளவி கொட்டிச் செத்துப்போனாள். அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. தோட்டத்தில் காலையில் பிரட்டு என்று ஒன்று உண்டு. எல்லோரும் கூடி நிற்க, கங்காணி பேர் கூப்பிடுவார், "இருக்கேங்க" என்று சொன்னால்தான் அன்றைக்கு வேலைக்கு வந்த கணக்கு. அம்மா அன்றைக்குச் சொன்னாள், நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் விசாரணைக்கு ஆட்கள் வந்தபோது ஆறுமுகம் கங்காணி, அவள் வேலைக்கே வரவில்லை, விறகு திருடப் போன இடத்தில் கொட்டியது என்று சொல்லிவிட்டார். புத்தகத்தில் அவள் பேரை வெட்டியிருந்தது. அன்றிலிருந்து நான் விறகுக் கள்ளி மகள். பள்ளிக்கூடத்தில், கோயிலில், என்னைப் பெண் பார்க்க வந்த இடத்தில்கூட அந்தப் பேச்சு வந்தது. அந்த ஆள் நாசமாகப் போகணும் என்று நான் வேண்டாத நாள் கிடையாது.

இப்போது கொஞ்ச வருடமாக, காடாகிப்போன தேயிலையைத் துண்டு துண்டாகப் பிரித்து வீட்டுக்கொன்று பராமரிக்கக் கொடுக்கிறார்கள். வயசாகி வேலையிலிருந்து நின்றுவிட்ட அந்தக் கங்காணிக்கு எது கிடைத்தது தெரியுமா? அதே மேட்டு மலைத் துண்டு. முதல் கவ்வாத்துக்கு, அதாவது செடியைத் தறித்துவிடுகிற வேலைக்கு, ஒருத்தர் துண்டில் மற்றவர்கள் கை கொடுப்பது வழக்கம். அடுத்த வாரம் என் துண்டுக்கு ஆள் வேண்டும், போகாமல் இருக்க முடியுமா? வயிறு எரிந்துகொண்டுதான் போனேன்.

கவ்வாத்து சாமிக்கு ஒரு கல்லை நட்டு, கத்திகளை முன்னால் வரிசையாக வைத்து, சூடம் கொளுத்தினார்கள். அன்றைக்குக் கிழவருக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாரும் வந்தாச்சா? பேர் கூப்புடுறேன், சத்தமா சொல்லணும், ஆமா!" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

"முத்தையா!"

"இருக்கேங்க!"

"லெச்சுமி!"

"இருக்கேங்க கங்காணி, பல்லுதான் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். மனுசன் பழைய வரிசையை அப்படியே சொல்லிக்கொண்டு போனார், முப்பது வருடத்துக்கு முந்தின பழக்கம், வாய் தன்பாட்டில் ஓடியது.

"பாக்கியம்!"

சிரிப்பு அப்படியே நின்றது. கங்காணி வாயைப் பொத்திக்கொண்டார். மலையின் மேல் பக்கமிருந்து, ஆளே இல்லாத இடத்திலிருந்து, தெளிவாக ஒரு குரல் வந்தது.

"இருக்கேங்க."

இருபது தலையும் என் பக்கம் திரும்பியது. நான் இடுப்பில் சாக்கைக் கட்டுவதற்குக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன். வாயில் கயிறு இருக்க நான் எப்படிப் பேசுவேன், சொல்லுங்கள்? என்னைப் பெற்றவள் குரல் எனக்குத் தெரியாதா?

அப்புறம்தான் இரைச்சல் கேட்டது. சாமான் இறக்க வந்த ஆட்டோக்கார சுனில், "தெபரு! தெபரு! துவண்ட அக்கே!" என்று, குளவி, ஓடு அக்கா என்று, சிங்களத்தில் கத்தினான். குளவி வந்தால் ஓடாமல் என்ன செய்வார்கள், ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். எனக்குக் கால் எழவில்லை. குளவி என் கையில் உட்கார்ந்தது, கன்னத்தில் ஊர்ந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்றுகூடக் கொட்டவில்லை. இரண்டடி தள்ளி நின்ற கங்காணியை மட்டும் மொய்த்துக்கொண்டது. "காப்பாத்து புள்ள, காப்பாத்து!" என்று கையை நீட்டினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பாவம் என்று நினைக்கவில்லை, பொய் சொல்லமாட்டேன். வயிறு குளிர்ந்தது.

சுனில்தான் திரும்பி வந்து சாக்கைப் போட்டு மூடித் தூக்கிக்கொண்டு போனான். வேறு யாருக்கும் ஒரு கொட்டுகூட இல்லை. மறுநாள் மரம் மரமாகத் தேடினார்கள், அந்த மலையில் எங்கேயும் கூடு கிடையாது.

இரண்டு நாள் கழித்து அவர் என்னை வரச் சொன்னதாக ஆள் வந்தது. ஆஸ்பத்திரியில் முகம் வீங்கிக் கண்ணே தெரியவில்லை. வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்கவே சொன்னார்.

"அன்னைக்கு மலையில குளவிக்கூடு இருக்குங்கன்னு ஒங்கம்மா சொன்னா. நான்தான் போடின்னு வெரட்டி அனுப்புனேன். பேரையும் நான்தான் வெட்டுனேன். அவ கள்ளி இல்ல."

முப்பது வருடமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். அழுகை வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"கட்டில் பக்கத்துலயே நிக்கிறா புள்ள. நான்தானே பேர் கூப்புட்டேன், வேலை முடிஞ்சிருச்சு, வீட்டுக்குப் போன்னு சொல்லிப் பாத்துட்டேன். கேக்கமாட்டேங்குறா. நீ சொன்னா போவா. சொல்லிரு தாயி."

கையை உதறிவிட்டு வந்துவிட்டேன்.

ஆள் சாகவில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில், என் வீட்டிலிருந்து நாலாவது காம்பிராவில்தான் இருக்கிறார். விடிந்து பிரட்டு நேரமானால் அந்த வீட்டுக்குள்ளிருந்து அம்மா குரலில், "இருக்கேங்க" என்று கேட்கும், பிறகு அவர் கதறுவது கேட்கும். மருமகள்காரி வந்து என் காலில் விழுந்துகூடக் கேட்டுப் பார்த்துவிட்டாள். நாலு வாசல் நடந்து போய், "அம்மா, வீட்டுக்கு வா" என்று சொன்னால் முடிந்துவிடும். எனக்கு மனசு வரவில்லை. அவர் கதறட்டும் என்றே இருந்தேன்.

போன மாதத்திலிருந்து அந்தக் குரல் இருமுகிறது. சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது, நாள் முழுக்கக் கூடை சுமந்தவள் மாதிரி. நான் இன்னும் போகவில்லை.