தாள் கதவு

சங்கரன்கோவில் எல்லையில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. தண்ணீர் கேட்டு ஒரு வீட்டுக்குப் போகிறேன். விசைத்தறி ஓட்டும் மாரியம்மாள், காலண்டரில் இருக்கும் ஜப்பான் வீட்டுப் படத்தைப் பார்த்து, தறிக்கும் உள்ளறைக்கும் நடுவே போடும் தள்ளுகதவின் மரச்சட்டத்தில் கஞ்சி தடவி வெள்ளைத் தாள் ஒட்டுகிறாள். ஏற்கெனவே இரண்டு தடவை கிழிந்துவிட்டதாம்.

“மரக்கதவே போட்டிருக்கலாமே?”

“உள்ள இருட்டாயிரும் அண்ணாச்சி. மவ பரீட்சைக்குப் படிக்கா. தறிப் பஞ்சு போகக்கூடாது, வெளிச்சம் போகணும்லா.”

வாயில் தண்ணீர் எடுத்துத் தாள்மேல் புஸ்ஸென்று தெளிக்கிறாள். தாள் தொய்ந்துபோகிறது. நான் பதறுகிறேன்.

“நூலும் கஞ்சியில இப்படித்தான் தொய்யும். காஞ்சா விறைச்சிரும்.”

வெயிலில் வைத்த தாள், டயர் மாற்றி முடிவதற்குள் விறைத்துவிடுகிறது. கதவை மாட்டி இழுத்து மூடிவிட்டு, உள்ளே இருக்கும் மகளிடம் கேட்கிறாள்.

“ஏட்டி, எழுத்து தெரியுதா?”

“தெரியுதும்மா.”

தறியின் சுவிட்சைப் போடுகிறாள்.