ரயிலில் எனக்குக் கிடைத்த பெயர்

நனைந்த நிலக்கரியின் வாடை காற்றில் ஏறி வரும் சாயங்கால வேளைகளில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே தொழிலாளர்களின் வரிசையில், எங்கள் "லைன் வீட்டு" வாசலில் ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி நின்றுகொண்டு அம்மா என்னைக் கூப்பிடுவாள். "நோ...யெ...லா...னீ" என்று கடைசி எழுத்தை அவள் இழுக்கிற இழுப்பு, பெட்டிகளைத் தள்ளிக் கோக்கும் ஷண்டிங் இன்ஜினின் இரைச்சலைத் தாண்டி நான் விளையாடிக்கொண்டிருக்கும் வேலியோரம் வரை வரும். எங்கள் வரிசையில் மூன்று லட்சுமிகளும் இரண்டு மாரியாயிகளும் இருந்தார்கள். அவர்களுடைய அம்மாக்கள் கூப்பிட்டால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று புரியாமல் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். என் பெயருக்கு நான் ஒருத்திதான் திரும்புவேன். லைனில் மட்டுமல்ல, மலாயா முழுவதிலும் அந்தப் பெயருக்குத் திரும்புகிற பெண் வேறு யாராவது இருந்திருப்பாளா என்பது சந்தேகம்தான்.

அந்தப் பெயர் எனக்கு வந்த கதையை அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அப்பா ரயில்வேயில் "பாயின்ட்ஸ்மேன்", அதாவது வண்டிகள் தண்டவாளம் மாறிப் போவதற்காக இரும்புக் கைப்பிடியை இழுத்து விடுகிறவர். தலைப்பிரசவத்துக்காக அம்மாவைக் கிள்ளானில் இருந்த தாய் வீட்டில் விட்டுவர அவர் லீவு எடுத்துக்கொண்டு கிளம்பிய நாள், பத்து நாளாக விடாமல் பெய்த மழையின் நடுவில் அமைந்துவிட்டது. பத்து தீகா ஸ்டேஷனைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனதும் தண்டவாளம் தண்ணீருக்குள் மறைந்துவிட, வண்டி முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் ரப்பர் காட்டுக்கு நடுவே காலையிலிருந்து நின்றது. அம்மாவுக்கு அங்கேயே வலி கண்டுவிட்டது. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் அம்மாவைத் தவிர இருந்த பெண்கள் இரண்டே பேர். இருவருமே பிள்ளை பெறாத சின்னப் பெண்கள்.

அதே வண்டியின் முன்பெட்டியில், கப்பல் பிடிக்கத் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டுக் கோஷ்டி இருந்தது. ஹவாய் என்ற தீவிலிருந்து ஊர் ஊராகப் போய்க் கித்தார் வாசித்து ஆடிப் பாடுகிறவர்கள். அம்மாவின் அலறலைக் கேட்டு அவர்களில் ஒருத்தி இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து எங்கள் பெட்டிக்கு ஏறி வந்தாள். வாட்டசாட்டமான உடம்பு, இடுப்புக்குக் கீழே தொங்கும் ஈரக்கூந்தல். ஆண்களையெல்லாம் வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, தன் தோளில் கிடந்த பூப்போட்ட சால்வையைப் பலகையில் விரித்தாளாம். அவள் பேசியது அம்மாவுக்குப் புரியவில்லை, அம்மா கதறியது அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் மத்தியானத்துக்குள் நான் பிறந்துவிட்டேன்.

அப்பாவுக்கு ஆங்கிலத்தில் தெரிந்தது ரயில்வேயில் புழங்கும் இருபது முப்பது வார்த்தைகள். அவற்றைக் கொண்டு அவள் பெயரைக் கேட்டிருக்கிறார். அவள் குனிந்து என் காதருகே வாயை வைத்து ஒரு வார்த்தையைச் சொன்னாள். அப்பா திரும்பத் திரும்பக் கேட்டு, ஒரு டிக்கெட்டின் பின்புறத்தில் தமிழில் எழுதிக்கொண்டார்: நோயெலானி. "நம்ம ஊருல பேரு வெக்கிற மாதிரியே காதுல சொன்னா பாரு, அப்பவே தீர்மானம் பண்ணிட்டேன், இதுதான் உன் பேருன்னு" என்பாள் அம்மா. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கத்தான் இருவருக்குமே தோன்றவில்லை.

எனக்கு ஏழு வயதாகும்போது அம்மா காய்ச்சலில் இறந்துபோனாள். ஐந்தே நாள். ஆறாம் நாள் கிள்ளானிலிருந்து அப்பாவின் விதவை அக்கா, என் அத்தை, ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கி, எங்கள் வீட்டைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். அத்தை கெட்டவர் இல்லை. என் தலைக்கு எண்ணெய் வைக்காமல் ஒருநாளும் விட்டதில்லை. கறித்துண்டில் பெரியதை எனக்குத்தான் வைப்பார். ஆனால் என் பெயரை மட்டும் அவர் வாய் சொல்லாது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவர் சொன்னது, கதவுக்குப் பின்னால் நின்றிருந்த என் காதில் அப்படியே விழுந்தது.

"பேரைப் பாருங்களேன், நோயின்னு ஆரம்பிக்குது. நித்தம் பத்து வாட்டி வாசல்ல நின்னு நோயே நோயேன்னு கூப்பிட்டா, வராம என்ன செய்யும்? வந்துச்சு, கூப்பிட்டவளையே கொண்டுக்கிட்டுப் போயிருச்சு."

ஏழு வயதுக் குழந்தைக்கு அந்தக் கணக்கு மிகச் சரியாகப் பட்டது. அம்மா கூப்பிட்டாள், நோய் வந்தது, அவள் கூப்பிட்டது என்னை. ஆகவே அம்மாவைக் கொன்றது நான்தான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது?

அடுத்த மாதமே அத்தை என்னைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துப் போய், வாத்தியாரிடம் "நீலவேணி" என்று எழுதச் சொன்னார். வீட்டில் "நீலா", இல்லாவிட்டால் "ஏ புள்ள". லைன் முழுவதும் வெகு சீக்கிரம் அந்தப் பெயருக்குப் பழகிவிட்டது. அப்பா என்னை எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. வேலையிலிருந்து கரியும் கிரீஸுமாக வருவார், "சாப்பிட்டியா ஆயி" என்பார், முகம் பார்க்காமல் கிணற்றடிக்குப் போய்விடுவார். என் பெயரைச் சொல்ல அவருக்கும் பயம் என்று எண்ணிக்கொண்டேன். புதுத் தோழிகள் யாராவது என்னோடு நெருங்கினால் மெல்ல விலகிவிடுவேன். என் உண்மையான பெயரை, அதன் ஆபத்து தெரியாமல் அவர்கள் எப்போதாவது சொல்லிவிட்டால், அவர்கள் வீட்டில் என்ன நடக்குமோ என்று நடுங்குவேன். வேலியோரம் தனியாக உட்கார்ந்து, போகிற வருகிற பெட்டிகளை எண்ணிக்கொண்டிருப்பதே என் விளையாட்டு என்றாகிவிட்டது. ஆள் இல்லாதபோது வாயைக் கையால் பொத்திக்கொண்டு என் பெயரை உள்ளுக்குள் சொல்லிப் பார்ப்பேன். சொன்ன மறுநொடியே, யாருக்காவது காய்ச்சல் வந்துவிடுமோ என்ற பயம் பிடித்துக்கொள்ளும்.

பதினோரு வயதில் ஒருநாள், அத்தைக்குச் சர்க்கரை வாங்கச் சீனன் கடைக்குப் போனபோது, அங்கே கிராமபோனில் வழுக்கிக்கொண்டே போவதுபோல் ஒரு கித்தார் ஒலித்தது. "ஹவாய் பாட்டு" என்றான் கடைக்காரன். பட்டணத்துக் கேளிக்கைத் திடலில் ஒரு ஹவாய்க் கோஷ்டி வந்து இறங்கியிருப்பதாகவும் சொன்னான். என் பெயரைக் கொடுத்தவள் அதில் இருப்பாளோ என்று, சர்க்கரையை வாங்காமலே அப்பாவைத் தேடி ரயில்வே யார்டுக்கு ஓடி, அங்கே கூட்டிப்போகச் சொன்னேன். அம்மா போனபின் அவரிடம் நான் எதையும் கேட்டதில்லை. அதனால்தானோ என்னவோ, அவர் மறுக்கவில்லை. அத்தைக்குச் சொல்லாமல், அவருக்கு ஓய்வு கிடைத்த நாளில் மத்தியானமே அழைத்துப் போனார்.

மேடையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. எல்லோர் கழுத்திலும் காகிதப்பூ மாலை. அருகில் போய்ப் பார்த்தால் ஒருவரும் ஹவாய்க்காரர் இல்லை. மணிலாவிலிருந்து வந்தவர்கள், இரண்டு பேர் பினாங்கு ஆட்கள். நான் அழத் தொடங்கியதைப் பார்த்து, கித்தாரை மடியில் வைத்திருந்த நரைத்த தலைக்காரர் ஒருவர் என்னவென்று மலாயில் விசாரித்தார். அவர் பெயர் பெட்ரோ. இளவயதில் ஹவாயின் கரும்புத் தோட்டங்களில் பல வருடம் வேலை செய்தவர். அப்பா கடைத்தெருவில் புழங்கும் தன் பாசார் மலாயில் ரயில் கதையைச் சொல்லி, என் பெயரைச் சொன்னார். நான்கு வருடத்தில் அவர் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பெட்ரோ கித்தாரைக் கீழே வைத்துவிட்டார். "நோ-எ-லா-னி" என்று மெதுவாகத் திருத்திச் சொன்னார். "நோ-எ என்றால் மூடுபனி. மலை உச்சியில் இறங்குமே, மழை என்றும் சொல்ல முடியாது, புகை என்றும் சொல்ல முடியாது, அது. லானி என்றால் வானம். வானத்து மூடுபனி." அப்புறம் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அங்கே பேரைக் கண்டபடி வைக்க மாட்டார்கள். பொருந்தாத பேர் வைத்தால் பிள்ளைக்கு நோய் வரும் என்று பயப்படுவார்கள். சில வீட்டில் பெரியவர்களுக்குக் கனவில் வரும் பேரைத்தான் வைப்பார்கள். அது அந்தக் குடும்பத்துச் சொத்து. கொடுத்தால்தான் இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம்."

"அப்படின்னா அங்க நெறைய பேருக்கு இந்தப் பேரு இருக்குமா?" என்று அப்பா கேட்டார்.

பெட்ரோ இல்லை என்று தலையை ஆட்டினார். பள்ளிக்கூடத்திலும் தோட்டத்துப் பட்டியலிலும் எல்லோருமே மேரி, ஜான்தான். சொந்தப் பெயர் வீட்டுக்குள்ளே கிடக்கும். இந்தப் பெயரோடு அவர் அறிந்தது துணி வெளுக்கிற கிழவி ஒருத்தியை மட்டும்தான்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "ரயில்ல வந்த அந்தம்மாவையும் கூட வந்தவங்க 'ரோஸ்'னுதான் கூப்பிட்டாங்க. நான் கேட்டப்ப அதைச் சொல்லல. இதைத்தான் சொன்னாங்க" என்றார்.

திரும்பி வரும்போது பாலத்தருகே, இத்தனை நாள் அடைத்து வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "அப்பா, அம்மாவ என் பேருதானே கொன்னுச்சு?"

அவர் நடையை நிறுத்தினார். வண்டிப் பாதையோரத்திலேயே என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "யாரு சொன்னா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் முகத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டார். "அது கொசுக் காய்ச்சல், ஆயி. அந்த மாசம் நம்ம வரிசையிலேயே நாலு வீட்டுல சாவு விழுந்துச்சு. மத்த மூணு வீட்டுல பிள்ளைங்க பேரு என்ன? முருகன், லட்சுமி, ராசாத்தி. நாலு வருசமா இதையா மனசுல வெச்சிருந்த?"

"அப்ப நீங்க ஏன் என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டேங்கறீங்க?"

"சொல்ல வாயெடுத்தா உங்கம்மா குரல்தான் கேக்குது. என்னால முடியல."

அங்கேயே ஒருதரம் முயன்று பார்த்தார். பாதியில் குரல் உடைந்துவிட்டது. அதற்குப் பிறகு அத்தை கோவிலுக்குப் போயிருக்கும் நேரங்களில் மட்டும், கிணற்றடியிலிருந்து, தண்ணீர் கேட்பதற்கோ சோப்புக் கேட்பதற்கோ, அந்தப் பெயரால் என்னை அழைப்பார். அர்த்தத்தை அத்தையிடமும் சொல்லிப் பார்த்தோம். "பனியோ மழையோ, நோய் நோய்தான்" என்று முறத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். சயாமில் ரயில் போட ஆள் பிடித்தபோது, ரயில் வேலை தெரிந்தவர் என்று அப்பாவையும் கொண்டுபோனார்கள். போனவர் திரும்பவில்லை. அவரோடு, என்னை அந்தப் பெயரால் கூப்பிடக் கடைசியாக இருந்த ஒரு வாயும் போயிற்று. போர் முடிந்து அடையாள அட்டைக்குப் பதிய வரிசையில் நின்றபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பெயர் கேட்டார். அத்தை பக்கத்தில் இல்லை, யாரும் என்னை மிரட்டவில்லை. நீலவேணி என்று நானேதான் சொன்னேன். எனக்குப் பிறந்த இரண்டு பெண்களுக்கும், பள்ளிக்கூடத்தில் யாரும் இரண்டாவது முறை கேட்காத பெயர்களாகப் பார்த்து வைத்தேன். கொடுத்தால்தான் அது இன்னொருவருக்குச் சேரும் என்று பெட்ரோ சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் வேலியோரம் தனியே உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியும் நினைவில் இருந்தாள். அவளுக்கு நேர்ந்தது என் பிள்ளைகளுக்கு நேர வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

லைன் வீடுகளை இடித்துப் பல காலம் ஆயிற்று. அப்பா கைப்பிடி இழுத்த யார்டு இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன; அதன் வழியே நடக்கும்போது எங்கள் கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட எனக்குத் தெரிவதில்லை. ரோஸ் என்று அழைக்கப்பட்ட அந்தப் பெண் ஊர் போய்ச் சேர்ந்தாளா, அவளை அவள் பெயரால் அழைக்க அங்கே யாராவது மிஞ்சியிருந்தார்களா என்பதும் தெரியாது.

சென்ற மாதம் மருத்துவமனையில் என் மூத்த மகள் எனக்காக ஒரு படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கட்டமாகக் கேட்டு எழுதி வந்தவள், ஒரு கட்டத்தில் பேனாவை நிறுத்தி, "அம்மா, உங்களுக்கு வேற பேரு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

அவள் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.